எண்ணும் எண்ணமும்

சதுரங்கப் பலகையின் இருபுறமும் அமர்ந்திருக்கும் இருவருள் யார் கை ஓங்கியிருக்கிறது? இவ்வாட்டம் தோன்றிய நாள் தொட்டு, சுற்றி நின்று காண்போர் ஒருவரை ஒருவர் கேட்டு வரும் கேள்வி இது. ஆட்டத்தின் உயிர்நிலை இக்கேள்வியிலேதான் இருக்கிறது என்று சொல்லலாம். காய்களை நகர்த்தும் விதிகளைச் சிறுவன் ஒருவன் அரை நாளில் கற்றுக்கொள்வான். ஆனால், ஒரு நிலையை நோக்கி, ‘வெள்ளைக்கு மேன்மை, அதற்குக் காரணம் இன்னது, ஆதலின் இனிச் செய்யத் தக்கது இது’ என்று தெளிந்து கூறும் ஆற்றல் வருவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அவ்வாற்றலையே ஆட்ட வல்லுநர் ‘நிலையை மதிப்பிடுதல்’ என்பர்.

இன்று அக்கேள்விக்கு விடை நொடிப்பொழுதில் கிடைக்கிறது. கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் சதுரங்கப் பொறி, எந்த நிலையைக் காட்டினாலும் உடனே ஓர் எண்ணைத் தருகிறது. எண்ணுக்கு முன் கூட்டல் குறி இருப்பின் வெள்ளைக்கு மேன்மை. கழித்தல் குறி இருப்பின் கறுப்புக்கு மேன்மை. சுழியாயின் இருவரும் ஒப்பு. இப்பொறியை வெல்ல வல்ல மனிதர் உலகில் ஒருவரும் இல்லை. அங்ஙனமாயின், மனிதர் தாமே நிலையை மதிப்பிடக் கற்பது வீண்வேலை ஆகாதோ என்று சிலர் கேட்கின்றனர். வீண்வேலை ஆகாது என்பது மட்டுமன்று. பொறி வந்த பின்னர் அக்கல்வியின் தேவை முன்னையினும் மிகுந்திருக்கிறது.

போட்டி மண்டபங்களின் வாயிலில் ஒரு காட்சியைக் காணலாம். முற்காலத்தில், ஆட்டம் முடிந்ததும் எதிர்த்து ஆடிய இருவரும் வேறொரு பலகையின்முன் அமர்வர். காய்களை மீண்டும் முதலிலிருந்து அடுக்குவர். “இவ்விடத்தில் குதிரையை ஏன் பின்வாங்கினீர்?” என்று ஒருவர் கேட்பார். “இடப்பக்கத்துச் சிப்பாய்கள் தளர்ந்துவிடும் என்று அஞ்சினேன்” என்பார் மற்றவர். வாதம் வளரும்; சில வேளைகளில் ஆட்டத்தினும் அவ்வாதம் நீளும். இவ்வழக்கம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும், இளைஞர் பலர் வெளியே வந்ததும் முதலில் தேடுவது கைப்பேசியை. “இருபதாம் நகர்வில் எனக்கு ஒன்றரை கூடுதலாம்” என்பர். எதனால் கூடுதல் என்று கேட்டால் விடை வராது. கணக்கை ஆராயாமல், புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலுள்ள விடையைப் பார்த்து எழுதிவிட்ட மாணவனது நிலைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

மனிதர் ஒரு நிலையை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் கற்பிக்கப்படுவது காய்களின் விலை. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மும்மூன்று, யானைக்கு ஐந்து, அரசிக்கு ஒன்பது. சந்தையில் கூடையை எடைபோடுவதுபோல இருபுறத்துக் காய்களையும் கூட்டிப் பார்த்தல் முதற்படி. ஆனால், கூடையின் எடை வேறு. பண்டத்தின் தரம் வேறு. 1886-இல் முதல் உலக வெற்றியாளர் எனப் பெயர் பெற்ற வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் என்பாரே இவ்வேறுபாட்டை முறையாக எடுத்து விளக்கினார். அரசனுக்கு உள்ள காவல், சிப்பாய்களின் கட்டமைப்பு, எதிரியின் சிப்பாயால் விரட்ட முடியாத கட்டத்தில் நிலைகொண்ட குதிரை, திறந்த வரிசையைக் கைப்பற்றிய யானை ஆகிய சிறு நன்மைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தே பெரு வெற்றியாக மாறும் என்றார் அவர். நிலையில் மேன்மை இல்லாதபோது பாய்ந்து தாக்குதல் தகாது என்றும் அவர் கற்பித்தார். அவர் காலத்தவருக்கு இது கசந்தது. துணிவே வெற்றி தரும் என்று நம்பியிருந்தவர்களிடம், பொறுமையே வெற்றி தரும் என்று சொன்னால் கசக்காமல் என் செய்யும்!

காய்களின் கூட்டுத்தொகை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டே போதும். வெள்ளையிடம் அரசன், வெள்ளைக் கட்டங்களில் செல்லும் மந்திரி ஒன்று, வலப்பக்கக் கடைசி வரிசையில் ஒரு சிப்பாய் ஆகியன இருக்கின்றன என்று கொள்க. கறுப்பிடம் அரசன் ஒருவனே எஞ்சியிருக்கிறான்; அவன் அச்சிப்பாய் சென்று சேர வேண்டிய மூலைக் கட்டத்தில் நிற்கிறான். கூட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு நான்கு. கறுப்புக்கு ஒன்றும் இல்லை. இதனினும் பெரிய மேன்மை உண்டோ? ஆயினும் வெள்ளை வெல்ல இயலாது. மூலைக் கட்டம் கறுப்பு நிறம்; வெள்ளைக் கட்டத்து மந்திரி அதனை ஒருநாளும் தாக்க முடியாது. கறுப்பு அரசன் அம்மூலைக்கும் அடுத்த கட்டத்துக்குமாக மாறி மாறி உலவிக்கொண்டிருப்பான். நெருக்கிப் பிடித்தால், செக் இல்லாமலே நகர இடமற்றுப் போவான். அப்போதும் ஆட்டம் சமன். அதே சிப்பாய் இடப்பக்கக் கடைசி வரிசையில் இருந்திருப்பின், அவ்வரிசையின் முடிவுக் கட்டம் வெள்ளை நிறமாதலின், வெள்ளைக்கு வெற்றி உறுதி. காய்கள் அவையே; கூட்டுத்தொகையும் அதுவே; முடிவோ நேர்மாறானது. ஒரு கட்டத்தின் நிறம் நான்கு என்னும் எண்ணை வெறும் சுழியாக்கிவிடுகிறது. இதனை ஒருமுறை உணர்ந்த மாணவன் வாழ்நாள் முழுதும் மறவான். ஆட்டத்தின் நடுவே காய்களை வெட்டிக் குறைக்கும் முன்னரே, எந்த நிறத்து மந்திரியை வைத்துக்கொள்வது என்று அவன் சிந்திக்கத் தொடங்குவான். காரணத்தோடு கூடிய மதிப்பீட்டின் பயன் இதுவே: அது ஒரு நிலையோடு நின்றுவிடாமல், அதனைப் போன்ற நூறு நிலைகளுக்கும் வழி காட்டும்.

வல்லுநரின் கண் எவ்வாறு காண்கிறது என்பதை ஆலந்து நாட்டு உளநூல் அறிஞர் அட்ரியான் டி குரூட் ஆராய்ந்து 1946-இல் நூலாக வெளியிட்டார். தலைசிறந்த ஆட்டக்காரர் சிலரையும், அவரினும் குறைந்த திறமுடையார் சிலரையும் ஒரே நிலையின்முன் அமர்த்தி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு அவர் கேட்டார். வல்லுநர் மற்றவரினும் பன்மடங்கு தொலைவு கணக்கிட்டிருப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு இல்லை. கணக்கிட்ட தொலைவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வல்லுநர் தொடக்கத்திலேயே தக்க நகர்வுகளை நோக்கினர் என்பதே வேறுபாடு. ஒரு நிலையைச் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, வல்லுநர் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் பிழையின்றித் திரும்ப அடுக்கினர், மற்றவர் தடுமாறினர். பின்னர், 1973-இல், அமெரிக்க அறிஞர்களான வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் காய்களைப் பொருளின்றிச் சிதறவைத்துக் காட்டினர். அப்போது வல்லுநருடைய மேன்மை பெரும்பாலும் மறைந்துபோயிற்று. வல்லுநரிடம் இருந்தது நினைவாற்றல் மட்டும் அன்று. பொருள் காணும் கண் என்பது தெளிவாயிற்று. சொற்களை அறிந்தவன் வாக்கியத்தை ஒரே பார்வையில் படிப்பான். அறியாதவன் எழுத்தெழுத்தாகக் கூட்டுவான்.

இனி, பொறி எவ்வாறு மதிப்பிடுகிறது? அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. காய்களின் விலையை அவர் மேற்கூறியவாறே கொண்டார். தனித்து நிற்கும் சிப்பாய், ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிய சிப்பாய், பின்தங்கிய சிப்பாய் ஆகிய குறை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழித்தார். செல்லத்தக்க நகர்வு ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினார். இவ்வாறு எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கி, வரக்கூடிய நிலைகளை ஆராய்ந்து, நல்ல எண் தரும் நகர்வைத் தேர்ந்துகொள்ளப் பொறிக்குக் கற்பிக்கலாம் என்றார். ஆங்கில நாட்டு ஆலன் டூரிங் அக்காலத்திலேயே இத்தகைய விதிகளை வகுத்து, 1952-இல் தாமே பொறியாக அமர்ந்து, தாளில் கணக்கிட்டுக் கணக்கிட்டு ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம் அளவில் ஆயிற்று. இருபத்தொன்பதாம் நகர்வில் அந்தத் தாள்பொறி தோற்றது.

அன்று முதல் நடந்தது வேகத்தின் வரலாறு. 1997-இல் காரி காஸ்பரோவை வென்ற ‘டீப் புளூ’ என்னும் பொறி நொடிக்கு இருபது கோடி நிலைகளை ஆராய்ந்தது. ஆனால், 2017-இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ‘ஆல்பாசீரோ’ என்னும் பொறிக்கு ஆட்டத்தின் விதிகளை மட்டுமே கற்பித்தனர். அது தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, மதிப்பிடும் முறையைத் தானே அமைத்துக்கொண்டது. அக்காலத்தில் வன்மை மிக்கதாக விளங்கிய ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்னும் பொறியோடு அது ஆடிய நூறு ஆட்டங்களில் இருபத்தெட்டில் வென்றது, எழுபத்திரண்டு சமனாயின, ஒன்றிலும் தோற்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏழு கோடி நிலைகளை நோக்க, ஆல்பாசீரோ எண்பதாயிரமே நோக்கிற்று! பரந்து தேடியதை நன்கு மதிப்பிட்டது வென்றது. மதிப்பிடுதலின் பெருமையை மனிதருக்கு நினைவூட்டப் பொறி ஒன்று வேண்டியிருந்தது போலும். 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் தன் மதிப்பீட்டுக்கு அத்தகைய கற்கும் வலையமைப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஷானனுடைய முறையில் எண் எவ்வாறு வந்தது என்று தாளில் பிரித்துக் காட்டலாம். இவ்வலையமைப்பில் அதுவும் அரிது. எண் முன்னையினும் நம்பத்தக்கதாயிற்று. காரணம் முன்னையினும் மறைவாயிற்று.

அவ்வெண்ணின் பொருள்தான் யாது? 2022-ஆம் ஆண்டின் இறுதி முதல், ஸ்டாக்ஃபிஷ் காட்டும் ‘ஒன்று’ என்பது, வெல்லும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி என்பதைக் குறிக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. யார் யாரோடு ஆடினால்? அப்பொறி தன்னோடு தானே ஆடினால்! அடுத்துவரும் ஒவ்வொரு நகர்விலும் பொறிக்கு நிகரான கூர்மை இருபுறமும் இருக்கும் என்னும் நிபந்தனை அவ்வெண்ணின் பின்னே ஒளிந்திருக்கிறது. சிறுவர் இருவர் ஆடும் ஆட்டத்துக்கு அவ்வெண்ணைப் பொருத்துவது, மலையேறப் பழகியவன் நடந்த நேரத்தைக் கொண்டு முதியவர் எப்போது உச்சியை அடைவார் என்று கணிப்பதை ஒக்கும்.

சுழி என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. காய்கள் எல்லாம் வெட்டுண்டு இரண்டு அரசர் மட்டும் எஞ்சிய நிலைக்கும் சுழி. ஒருவன் மூன்று காய்களைப் பலியிட்டுத் தாக்க, மற்றவன் பத்து நகர்வுகளிலும் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடித்தால் மட்டுமே தப்பும் நிலைக்கும் சுழி. முன்னதில் உறங்கலாம், பின்னதில் இமைக்கவும் கூடாது. பொறிக்கு இரண்டும் ஒன்றே. மனிதருக்கு அவை வானும் மண்ணும்போல் வேறுபட்டவை.

மிகயீல் டால் என்னும் லாட்விய நாட்டு வீரர் இவ்வேறுபாட்டைக் கொண்டே உலகை வென்றார். 1960-இல் மாஸ்கோவில் போட்வின்னிக்கை எதிர்த்து அவர் ஆடிய ஆறாம் ஆட்டத்தில் குதிரை ஒன்றைப் பலியிட்டார். அரங்கில் எழுந்த ஆரவாரத்தினால், ஆட்டத்தை வேறோர் அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அப்பலி பிழையுடையது என்பதைப் பிற்காலத்து ஆய்வு காட்டியது. ஆனால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பலகையின்முன் அமர்ந்து அதற்கு மாற்றுக் காண்பது போட்வின்னிக் போன்ற பேரறிவாளருக்கும் எளிதாக இல்லை, டால் வென்றார். பொறியின் எண்ணை மட்டும் பார்ப்பவன் டால் பிழை செய்தார் என்று எழுதி முடித்துவிடுவான். அவன் எழுதியது பொய்யன்று. ஆனால் அந்த ஆட்டத்தைப்பற்றி அவன் ஒன்றும் அறிந்தவனல்லன்.

பொறியின் முன் மனிதர் தம் கண்ணை நம்பாமற் போனால் விளைவது யாது என்பதற்கு, 1997-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காஸ்பரோவுக்கும் டீப் புளூவுக்கும் நடந்த இரண்டாம் ஆட்டம் அது. பொறி சிப்பாய்களைக் கவர வாய்ப்பிருந்தும் கவராமல், எதிரியின் கைகளைக் கட்டிவிடும் அமைதியான நகர்வு ஒன்றை ஆடிற்று. பொறிகள் பொருளாசை மிக்கவை என்றே அதுவரை எண்ணியிருந்த காஸ்பரோவ் திடுக்கிட்டார். இத்தகைய நகர்வை ஆட வல்ல பொறி எல்லாவற்றையும் கண்டிருக்கும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் குடிகொண்டது. நாற்பத்தைந்தாம் நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். உலகின் பல பகுதிகளிலும் இருந்த ஆர்வலர் அன்றிரவு அந்நிலையை ஆராய்ந்தனர். கறுப்பு அரசி உள்ளே புகுந்து தொடர்ந்து செக் வைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமனாகும் என்று கண்டனர். மறுநாள் இச்செய்தியைக் கேட்ட காஸ்பரோவின் துயரம் சொல்லும் தரத்ததன்று. அவர் கைவிட்டது தோற்ற ஆட்டத்தை அன்று, தோற்காத ஆட்டத்தை. எல்லாவற்றையும் காணும் என்று அவர் நம்பிய பொறியும் அவ்வழியைக் கண்டு அடைக்கவில்லை. ஆறு ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் அவர் இரண்டரைக்கு மூன்றரை என்னும் கணக்கில் தோற்றார். அரைப் புள்ளி அங்கே கைநழுவாமல் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை ஊகிப்பதில் பயனில்லை.

இவ்வாறு கூறுவதால் பொறி பயனற்றது என்பதோ, முன்னோர் மதிப்பீடே சிறந்தது என்பதோ கருத்தன்று. பழைய நூல்களில் பெருவல்லுநர் எழுதிய விளக்கங்களைப் பொறியைக் கொண்டு சோதித்தபோது, பிழைகள் ஏராளமாக வெளிப்பட்டன. வென்றவர் செய்தது எல்லாம் சரி, தோற்றவர் செய்தது எல்லாம் தவறு என்று கதை கட்டும் குறை மனிதருக்கு உண்டு. பொறிக்கு அது இல்லை. பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சிய நிலைகள் அனைத்துக்கும் இன்று முடிந்த முடிபு கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கே வாதத்துக்கே இடமில்லை. (அவற்றுள் சில நிலைகளில் வெற்றிக்கு ஐந்நூறு நகர்வுகளுக்கு மேல் வேண்டும். ஏன் அந்நகர்வுகள் என்று எந்த வல்லுநராலும் சொல்ல இயலவில்லை. அவ்வறிவு மெய்யறிவே, ஆனால் எவருக்கும் உரியதாகாத அறிவு.) ஆல்பாசீரோ, எதிரியின் அரசன் இருக்கும் பக்கத்துக் கரைச் சிப்பாயை முன்னே முன்னே தள்ளி, அவ்வரசனை மூச்சுத் திணறச் செய்யும் வழக்கத்தை மேற்கொண்டது. மனிதர் அதனைக் கண்டு கற்று, தம் ஆட்டத்திலும் கையாண்டனர். அவ்வாறு கற்றவர்கள், அப்பொறி காட்டிய எண்களை மனப்பாடம் செய்தவர்கள் அல்லர். அச்சிப்பாய் ஏன் செல்கிறது, சென்றபின் எதிரியின் எந்தக் காய் பயனற்றுப் போகிறது என்று ஒவ்வோர் ஆட்டமாக வினவியவர்கள்.

ஆதலின், பொறியை எப்போது கேட்பது என்பதே கேள்வி. பயிலும் மாணவன் ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, கால்மணி நேரம் தனியே நோக்க வேண்டும். யாருக்கு மேன்மை, எதனால், அடுத்த நகர்வு யாது என்பவற்றை இரண்டு மூன்று வரிகளில் எழுத வேண்டும். எழுதுதல் இன்றியமையாதது. எழுதாதவன், எண்ணைக் கண்டதும், ‘யானும் அவ்வாறே எண்ணினேன்’ என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வான். மனித மனம் அதில் மிக வல்லது. எழுதிய பின்னர்ப் பொறியை வினவலாம். இரண்டும் ஒத்திருந்தால் கற்றது சிறிது. மாறுபட்டால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. பொறி சொன்ன நகர்வை அடுத்துத் தன் நகர்வையும் அப்பொறிக்கு எதிராக ஆடிப் பார்த்து, எவ்விடத்தில் தன் கருத்துச் சரிகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். எண் வேறுபட்டது ஏன் என்பதைத் தன் சொற்களில் ஒரு வரி எழுதும் வரை அந்நிலையை விட்டு நீங்கலாகாது. ஒரு நாளைக்கு ஒரு நிலை போதும். நூறு நிலைகளுக்கு நூறு எண்களைப் புரட்டிப் பார்ப்பது கண்ணுக்கு உழைப்பேயன்றி அறிவுக்கு உழைப்பன்று.

இம்முறை கற்பனையன்று. சென்னையைச் சேர்ந்த குகேஷ் என்னும் சிறுவனுக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னா என்பார், தொடக்கத்தில் அவனைப் பொறியின் பக்கமே செல்லவிடாமல் வைத்திருந்தார். அவ்வயதினர் அனைவரும் பொறியோடு பழகிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான செயலே. கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை நெருங்கும் வரையில், குகேஷ் தன் கண்ணையும் கருத்தையும் கொண்டே நிலைகளை ஆராய்ந்து பழகினான். பட்டம் 2019-இல், பன்னிரண்டு வயதில் கிடைத்தது. பின்னர்ப் பொறியும் அவனுக்குத் துணையாயிற்று.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூரில் உலக வெற்றியாளர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடந்தது. பதினெட்டு வயது குகேஷும், சீன நாட்டைச் சேர்ந்த உலக வெற்றியாளர் டிங் லிரெனும் அதற்குமுன் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். அன்றைய ஆட்டம் சமனாயின், மறுநாள் விரைவு ஆட்டங்களால் முடிவு காணப்படும். ஐம்பது நகர்வுகள் கடந்தன. ஒவ்வொருவரிடமும் ஓர் யானையும் ஒரே நிறக் கட்டங்களில் செல்லும் மந்திரியும் எஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். உலகெங்கும் கண்டுகொண்டிருந்தோர் முன் பொறி காட்டிய எண் ஏறக்குறையச் சுழி. ‘இனி என்ன இருக்கிறது?’ என்று பலர் எழுந்திருக்கவும் தொடங்கினர்.

பலகையின்முன் இருந்த இருவருக்கும் அவ்வெண் தெரியாது. குகேஷ் சமனுக்கு உடன்படாமல், அவசரமும் இன்றி, காய்களை இங்கும் அங்கும் நகர்த்தி டிங்கைச் சிந்திக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் குறைந்தவன் பிற காய்களை மாற்றிக்கொள்ளலாகாது; அரசரும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சினால் ஒற்றைச் சிப்பாயின் மிகுதியே உயிரை வாங்கிவிடும் என்பது சதுரங்க ஆசிரியர் பழங்காலம் தொட்டுச் சொல்லிவரும் பாடம். அந்நிலையைச் சொல்லால் மதிப்பிட்டிருப்பின், ‘சமன், ஆனால், யானையும் மந்திரியும் ஒருசேர மாற்றப்படாத வரையிலேயே சமன்’ என்றிருக்க வேண்டும். அந்த ‘ஆனால்’ சுழிக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஐம்பத்தைந்தாம் நகர்வில், சோர்ந்திருந்த டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். காண்போர் முன்னிருந்த எண் ஒரே தாவலில் மாறிற்று. அவர்கள் உடனே அறிந்தனர். குகேஷ் உடனே அறியவில்லை. தாம் முதலில் வேறொரு நகர்வை ஆட இருந்ததாக அவரே பின்னர்க் கூறினார். மீண்டும் நோக்கினார். மூலையில் ஒதுங்கி நின்ற டிங்கின் மந்திரி தென்பட்டது. யானைகள் மாறிய பின் தம் மந்திரியை எதிரே கொண்டு நிறுத்தினால், அது தப்பிச் செல்ல வழியில்லை. மந்திரிகளும் மாறியே தீரும். யானையை வெட்டினார், மந்திரியை நடுவில் நிறுத்தினார். மூன்று நகர்வுகள் கழித்து டிங் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் உடனே எழுந்து செல்லவில்லை. கண்கள் கலங்கியிருக்க, பலகையில் சிதறியிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்கும்போது இருந்த கட்டங்களில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.